துரத்திய வம்சத்தைத் தேடிய ஊர்

டொமினிக் இம்ஹோல்ஸ் ஒரு வியாழக்கிழமை காலையில் மாட்டுக்குப் புல்லை அள்ளிப் போட்டுவிட்டு, வாளியைக் கவிழ்த்து அதன்மேல் உட்கார்ந்து, அப்படியே செத்துப்போனார். நல்ல சாவு என்று லூக்மாட் ஊரே சொன்னது. செவரின் இம்ஹோல்ஸுக்கு மட்டும் அது நல்ல சாவாகத் தெரியவில்லை. சவப்பெட்டிக்குப் பின்னால் நடந்தபோது அவர் கண் கலங்கியிருந்தது என்னவோ உண்மைதான். ஆனால் அந்தக் கண்ணீர் டொமினிக்குக்காக அல்ல, டொமினிக் காலி செய்துவிட்டுப் போன நாற்காலிக்காக.

செவரின் அந்த ஊரின் ஊர்க்குடிச் சபைக்குத் தலைவர். வயது அறுபத்தெட்டு. சபைக்குச் சொந்தமாக ஒரு காடு, ஒரு அலுவலக அறை, எல்லாவற்றுக்கும் மேலாகக் கால்மி என்ற மலைமேய்ச்சல். கோடையில் அறுபத்திரண்டு மாடுகள் மேலே போய் மேயும். அங்கே காய்ச்சும் பாலாடைக்கட்டிக்குக் கீழே சந்தையில் தனி மரியாதை. செவரினின் அப்பா கால்மிக்குத் தலைவராக இருந்தார், தாத்தா இருந்தார், அவருடைய அப்பாவும் இருந்தார். தன் காலத்தில் அது கைவிட்டுப் போனது என்று ஊர் ஏட்டில் எழுதப்படுவதைவிட, டொமினிக் மாதிரி ஒரு வாளியின் மேல் உட்கார்ந்துவிடலாம் என்று அவருக்குத் தோன்றியது.

விஷயம் இதுதான். சபையை நடத்தும் குழுவில் மூன்று நாற்காலி. மூன்றிலும் ஆள் இருக்க வேண்டும். அடக்கம் முடிந்து பத்தாம் நாள் மாகாணத்திலிருந்து கடிதம் வந்தது. அடுத்த ஆண்டு நவம்பர் மாதம் புனித மார்ட்டின் நாளுக்குள் மூன்றாவது நாற்காலியை நிரப்பாவிட்டால் சபை கலைக்கப்படும், காடும் கால்மியும் கீழே உள்ள தால்விங்கன் நகராட்சியோடு சேர்க்கப்படும். தால்விங்கன்காரர்கள் கால்மியில் கம்பிவடத்தில் தொங்கிச் சறுக்கும் விளையாட்டும், கண்ணாடிச் சுவர் வைத்த உணவகமும் கட்டுவதற்குப் படமே வரைந்து வைத்திருந்தார்கள். படத்தில் ஒரு மாடுகூட இல்லை.

ஆள் பிடிப்பதில் என்ன கஷ்டம் என்று கேட்பீர்கள். லூக்மாட்டில் முந்நூற்று நாற்பது பேர் வசிக்கிறார்கள். ஆனால் வசிப்பவர் எல்லாம் ஊர்க்குடி ஆகிவிட முடியாது. நானூறு வருஷமாக வெளியாள் ஒருவரையும் உள்ளே விடாமல் கண்ணும் கருத்துமாகக் காத்த சபை அது. காத்ததன் பலன், இன்றைக்குப் பதிவேட்டில் மொத்தம் பதினொரு பேர், பதினொரு பேரும் இம்ஹோல்ஸ். அப்பனும் பிள்ளையும், புருஷனும் பெண்டாட்டியும், மாமனும் மச்சானும் ஒரே குழுவில் உட்காரக் கூடாது என்பது சட்டம். பதினொரு பேரில் ஆறு பேர் செவரின் வீடு, ஐந்து பேர் கிலியான் வீடு. கிலியான் தூரத்துப் பங்காளி என்பதால் செவரினோடு உட்காரலாம். டொமினிக் கல்யாணம் செய்துகொள்ளாதவர், தன் கிளையைத் தன்னோடு முடித்துக்கொண்டார். ஆக, சுத்தமாக இருக்கிறோம் என்று மார்தட்டிய ஊர் சுத்தமாகவே ஆளில்லாமல் நின்றது.

அலுவலகத்தில் கூடினார்கள். செவரின், எண்பத்திரண்டு வயதுக் கிலியான், எழுத்தர் ரேகுலா. கிலியானுக்குக் காது மந்தம். அவர் எந்தத் தீர்மானம் வந்தாலும் வேண்டாம் என்றே கை தூக்குவார். கேட்காத விஷயத்துக்குச் சரி என்று சொல்லி மாட்டிக்கொள்வதைவிட அது பத்திரம் என்பது அவர் கொள்கை.

ரேகுலா ஏரிக்கு அந்தப் பக்கத்திலிருந்து வந்தவள். பத்தொன்பது வருஷமாக இந்தச் சபையின் காகிதங்களைக் கட்டிக் காப்பவள். ஊர்க்குடி இல்லை.

"உன்னையே குடியாக்கி உக்கார வெச்சா என்ன?" என்று செவரின் ஒரு பேச்சுக்குக் கேட்டார்.

"வேண்டாம் செவரின். அந்த நாற்காலியைத் தினம் நான்தான் துடைக்கிறேன், எனக்கு அதைப் பத்தித் தெரியும்" என்றாள் ரேகுலா. "அடெலினோவைக் குடியாக்குங்க. தீர்ந்துபோச்சு."

"எந்த அடெலினோ?"

"ஊர்ல எத்தனை அடெலினோ இருக்கான்? உங்க கால்மில இருபத்தி மூணு வருஷமா பால் கறக்கிறவன். உங்க பேர்ல மெடல் வாங்கின பாலாடைக்கட்டியைக் காய்ச்சினவன்."

"அவனா? தங்கமான ஆளு" என்றார் செவரின். "ஆனா அது வேற, இது வேற."

அது எப்படி வேறு என்று ரேகுலா கேட்கவில்லை. கோப்பு அவளிடம்தான் இருந்தது. போர்த்துகல்காரரான அடெலினோ இரண்டு தடவை விண்ணப்பம் போட்டிருந்தார். முதல் தடவை நேர்காணலில், கால்மியில் உள்ள ஏழு ஊற்றுகளின் பெயரைச் சொல்லச் சொன்னார்கள். அவர் ஒன்பது சொன்னார். மற்ற இரண்டு ஊற்றையும் குழுவில் யாரும் பார்த்ததில்லை என்பதால் விடை தவறு என்று எழுதப்பட்டது. இரண்டாவது தடவை, ஊர் வாத்தியக் குழுவில் பெரிய குழல் ஊதுகிறார், ஆனால் ஊதி முடித்ததும் எல்லாரோடும் உட்கார்ந்து குடிக்காமல் கிளம்பிவிடுகிறார், எனவே ஊரோடு ஒட்டவில்லை என்று முடிவானது. அவர் கிளம்பிப் போனது பால் கறக்க. கறந்தது செவரினின் மாட்டை.

"அப்ப அமெரிக்காவுலதான் போய்த் தேடணும்" என்று ரேகுலா எரிச்சலோடு சொன்னாள். "உங்க தாத்தாக்கள் கப்பலேத்தி விட்டாங்களே, அந்தக் கும்பல்ல எவனாவது மிச்சம் இருக்கானான்னு."

அவள் குத்திக் காட்டத்தான் சொன்னாள். ஆனால் செவரின் முகத்தில் விளக்கு எரிந்தது.

"அந்தக் காகிதத்தை எடு" என்றார்.

இரும்புப் பெட்டியின் அடியிலிருந்து 1854ஆம் வருஷத்து ஏடு வெளியே வந்தது. ரேகுலா மூக்கைப் பொத்திக்கொண்டு படித்தாள். ஜோஸ்ட் அம்ரைன், வயது முப்பத்தாறு, நிலமில்லாதவன். இரண்டு தடவை வெள்ளாடு திருடினான். காட்டில் விறகு திருடியதற்குக் கணக்கே இல்லை. பூசை நேரத்தில் கோயில் வாசலில் நின்று பாட்டுப் பாடினான். எல்லாவற்றையும்விடக் கேடாக, கால்மி மேய்ச்சலை ஏழைகளுக்கும் பங்கு போட வேண்டும் என்று சாராயக் கடையில் பேசினான். எனவே அவனையும், அவன் மனைவியையும், நான்கு பிள்ளைகளையும் ஊர்ச் செலவில் அமெரிக்கா அனுப்புவதென்று ஒருமனதாக முடிவு செய்யப்பட்டது. ஆளுக்கு ஒரு ஜோடி செருப்பு வழங்கப்பட்டது. இனித் திரும்பி வருவதில்லை என்று அவன் கைநாட்டு வைத்தான். கீழே தலைவர் கையெழுத்து, செவரின் இம்ஹோல்ஸ். நம்முடைய செவரினுக்கு அந்தப் பெயரை வைத்ததே அவர் ஞாபகமாகத்தான்.

"இதுல, ஊர்க்குடிப் பதிவேட்டுலேர்ந்து பேரை அடிச்சதா எங்கயாவது இருக்கா?" என்று செவரின் கேட்டார்.

ரேகுலா திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "இல்ல. அடிக்கணும்னா மாகாணத்துக்கு எழுதிப் போடணும். சோம்பேறித்தனம்."

"பாத்தியா. துரத்தினோம், விலக்கல. அந்த வம்சம் இன்னும் நம்ம வம்சம்தான்."

"நாற்காலி பத்தியா பேசுறீங்க?" என்று கிலியான் கேட்டார். பதிலுக்குக் காத்திராமல் அவர் வேண்டாம் என்று கை தூக்கி வைத்தார்.

அந்தக் குளிர்காலம் முழுக்கத் தேடல்தான். ரேகுலா கோயில் ஞானஸ்நானப் பதிவேட்டிலிருந்து தொடங்கினாள். கப்பல் பட்டியல், அங்கே இறங்கிய துறைமுகத்துப் பட்டியல், விஸ்கான்சின் மாநிலத்துக் கிராமக் கோயில்களின் கல்யாணப் பதிவு என்று ஒவ்வொன்றாக எழுதிக் கேட்டாள். ஜோஸ்டுக்கு அங்கே இன்னும் ஐந்து பிள்ளைகள் பிறந்திருந்தார்கள். ஒருவன் பாலாடைக்கட்டிக் கடை வைத்தான், ஒருவன் ஷெரீஃப் ஆனான், ஒருத்தி மூன்று புருஷனைப் புதைத்தாள். செவரின் ஒரு பெரிய தாளைச் சுவரில் ஒட்டி வம்ச மரம் வரைய ஆரம்பித்தார். சொந்தப் பேரப்பிள்ளைகளின் பிறந்தநாள் ஞாபகமில்லாதவர் அம்ரைன் வம்சத்தில் யார் எப்போது அம்மை வந்து செத்தார்கள் என்று விரல் நுனியில் வைத்திருந்தார்.

இதில் ஒரு வேடிக்கை நடந்தது. ஐப்பசியில் ஜோஸ்ட் ஒரு ஆட்டுத் திருடன். கிறிஸ்துமஸ் நெருங்கியபோது செவரின் வாயில் அவன் கொஞ்சம் துடுக்கான ஆளாக மாறினான். தவக்காலத்தில் "அவர்" ஆனார், சுதந்திர மனசுக்காரர் ஆனார். ஈஸ்டர் வந்தபோது, சிறகை விரித்துப் புது உலகம் கண்ட நம் ஊர் முன்னோடி என்று உணவு விடுதியில் செவரின் பேசிக்கொண்டிருந்தார். காகிதத்தில் இருந்த வெள்ளாடுகளைப் பற்றி மூச்சுவிடவில்லை.

வாரிசுகளுக்குக் கடிதம் போனது. மின்னசோட்டாவில் ஒரு பல் மருத்துவர், இது பணம் பறிக்கும் கும்பல் என்று போலீசில் சொன்னார். அயோவாவில் ஒரு விதவை பதினான்கு பக்கம் பதில் எழுதி, தன் நாய்களின் படம் முப்பத்தொன்று அனுப்பி, மூட்டுவலியால் வர முடியாது என்று முடித்திருந்தாள். மூன்றாவது ஆள் வெண்டல் அம்ரைன். அறுபத்தொரு வயது, காப்பீட்டு நிறுவனத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர், மனைவி இல்லை, பிள்ளை இல்லை. கடிதம் சேர்ந்த ஒரு மணி நேரத்தில் பதில் போட்டார். வருகிறேன் என்று ஒரே சொல்.

மே மாதம் தபால் பேருந்திலிருந்து வெண்டல் இறங்கியபோது ஊர் வாத்தியக் குழு வாசித்தது. குழல் ஊதியவர் அடெலினோ. செவரின் எழுதி வைத்திருந்த ஆங்கில வரவேற்பைப் பையிலிருந்து எடுத்தார். அதற்குள் வெண்டல் தொப்பியைக் கழற்றி மார்பில் வைத்துக்கொண்டு பேசிவிட்டார்.

"வந்தனம் ஐயாமாரே. சகலரும் க்ஷேமந்தானுங்களா? பிரயாணம் வெகு சௌக்கியம். எம் பாட்டன் முப்பாட்டன் மிதிச்ச மண்ணுங்க இது, மிதிக்கவே மனசு கூசுது."

அவர் பேசியது லூக்மாட்டின் வட்டார மொழி, ஆனால் நூற்றெழுபது வருஷத்துக்கு முந்தையது. ஜோஸ்ட் கப்பலில் கொண்டுபோனதை விஸ்கான்சின் மாட்டுத் தொழுவத்தில் அப்பன் பிள்ளைக்குச் சொல்லிச் சொல்லி, ஒரு எழுத்து மாறாமல் வைத்திருந்தார்கள். ஊர்க்காரர்களே மறந்துபோன சொற்கள். செவரினின் மனைவி அழுதுவிட்டாள். கிலியானுக்குக்கூட அது காதில் விழுந்தது, அவர் சின்ன வயதில் கேட்ட மொழியாம்.

"ரத்தம்யா, ரத்தம்" என்றார் செவரின்.

வெண்டல் முதலில் ஜோஸ்டின் அப்பா அம்மா கல்லறையைப் பார்க்க வேண்டும் என்றார். லூக்மாட்டில் இருபத்தைந்து வருஷத்துக்கு மேல் எந்தக் கல்லறையும் இருப்பதில்லை. இடம் சின்னது, அடுத்தவருக்கு வேண்டும், தோண்டிச் சமமாக்கிவிடுவார்கள். ஜோஸ்டின் அப்பா படுத்திருந்த இடத்தில் அவருக்குப் பிறகு ஆறு பேர் படுத்து எழுந்துவிட்டார்கள். இப்போது அங்கே தோட்டக் குழாய் இருந்தது. வெண்டல் குழாய் முன்னால் மண்டியிட்டார். அடுத்துப் பிறந்த வீடு எது என்றார். ஜோஸ்டின் குடிசையைக் கப்பல் கிளம்பிய வாரமே பிரித்து விறகாக்கியிருந்தார்கள். செவரின் யோசிக்கவே இல்லை, தன்னுடைய பழைய வைக்கோல் கொட்டகையைக் காட்டினார். வெண்டல் அதன் உத்திரத்தை முத்தமிட்டு உதட்டில் சிலாம்பு ஏற்றிக்கொண்டார்.

"எதுக்காகப் போனாங்க எம் முப்பாட்டனாரு?"

"பெரிய மனசுங்க அவருக்கு. இந்தப் பள்ளத்தாக்கு போதல" என்றார் செவரின்.

பக்கத்தில் நின்ற ரேகுலா இருமினாள்.

பதினொரு இம்ஹோல்ஸும் கூடி, பத்துப் பேர் சரி என்று கை தூக்க, கிலியான் வேண்டாம் என்று தூக்க, வெண்டல் மீண்டும் ஊர்க்குடியாகச் சேர்க்கப்பட்டார். மாகாணத்துக்குப் போன படிவம் ஒரே பக்கம். பழைய குடியின் வம்சமா என்று ஒரு கேள்வி, ஆம் என்று ஒரு குறி. ஐந்து வாரத்தில் முத்திரை குத்தி வந்துவிட்டது, மூன்றாவது நாற்காலியும் அவருக்கு என்று ஆனது. அந்தப் படிவத்தை வைத்த அலமாரியில் அடெலினோவின் கோப்பு நான்கு விரல் கனத்தில் கிடந்தது.

வெண்டல் பால்பண்ணை மாடியில் குடியேறினார். ஆள் சுறுசுறுப்பு. சபையின் சட்டப் புத்தகத்தைக் கரைத்துக் குடித்தார். ஜூலையில், ஜன்னல் பூந்தொட்டியில் சிவப்பு ஜெரேனியம் தவிர வேறு பூ வைத்திருந்த மூன்று வீட்டுக்காரர்களிடம் போய் நயமாகச் சொன்னார். ஆகஸ்டில், சின்னப் பிள்ளைகள் பேசும் மொழி கெட்டுப்போய்விட்டது என்று பள்ளிக்கு எழுதினார். பேருந்து ஓட்டுபவர் வெளியூர்க்காரர் போல வணக்கம் சொல்கிறார் என்றும் ஒரு புகார். செவரினுக்குப் பூரிப்புத் தாங்கவில்லை.

"நம்மளவிட நம்மாளு" என்று எல்லாரிடமும் சொன்னார்.

செப்டம்பர் கடைசியில் மாடுகள் பூவும் மணியுமாகக் கால்மியிலிருந்து இறங்கின. அறுபத்திரண்டும் பத்திரமாக வந்தன. அடெலினோ மாடுகளை அவரவர் தொழுவத்தில் கட்டிவிட்டு, கையைக் கழுவிக்கொண்டு செவரின் வீட்டுச் சமையலறைக்கு வந்தார். உட்காரச் சொன்ன பிறகுதான் உட்கார்ந்தார். செவரின் காபியில் கொஞ்சம் சாராயம் ஊற்றி நகர்த்தினார்.

"தலைவரே, மலைக்கு அந்தப் பக்கம் ஒரு ஊர்ல கூப்பிடுறாங்க" என்றார் அடெலினோ. "எம்பது மாடு. வீடு தர்றாங்க. வந்து சேந்த உடனே ஊர்க்குடியா எடுத்துக்கவும் தயார்னு எழுதியே குடுத்துட்டாங்க."

செவரின் சாராயப் புட்டியை மூடினார். "போறியா?"

"போறதுக்கு ஆசை இல்லீங்க. எம்பொண்ணு லிலியானா இங்க பொறந்தவ. எனக்கு கால்மில ஒவ்வொரு கல்லும் தெரியும். அதனால இன்னொரு தடவை விண்ணப்பம் போடலாம்னு இருக்கேன். அவதான் வேண்டாங்கிறா. ரெண்டு தடவை மூஞ்சில அடிச்சது போதாதாப்பான்னு கேக்குறா."

"அது அப்படி இல்ல அடெலினோ..."

"இருக்கட்டும் தலைவரே. இந்தத் தடவை கேட்டது கெடச்சா இருக்கேன். இல்லைன்னா மார்ட்டின் நாளுக்கு அப்புறம் கிளம்பிடுவேன். உங்ககிட்ட நேர்ல சொல்லிடணும்னுதான் வந்தேன்."

அவர் போன பிறகு செவரின் ஆள் கணக்குப் போட்டார். அவருடைய இரண்டு மகன்களில் ஒருவன் தால்விங்கனில் கணினி விற்கிறான், இன்னொருவனுக்குப் பால் வாசனை ஒத்துக்கொள்ளாது. கிலியான் வீட்டில் மலை ஏறக்கூடிய முழங்கால் ஒன்றுகூட இல்லை. அடெலினோ இல்லாவிட்டால் கால்மிக்கு யார் மாடு ஓட்டுவது? நாற்காலிக்காக ஒரு வருஷம் அலைந்தோமே, மாட்டுக்கு ஆள் வேண்டும் என்பதை எப்படி மறந்தோம் என்று தன்னையே கேட்டுக்கொண்டார். அதோடு இன்னொன்றும் உறைத்தது. ஒன்பது ஊற்று என்று அடெலினோ சொன்னபோது, போய்ப் பார்க்கலாமே என்று தனக்கு ஏன் தோன்றவில்லை? வெட்கமாக இருந்தது. இந்தத் தடவை கை தூக்கிவிடுவது என்று முடிவு செய்தார்.

கணக்கு சுலபம். வெளியாள் விண்ணப்பத்தைத் தீர்மானிப்பது குழு மட்டும்தான், மூன்று ஓட்டு. கிலியான் வழக்கம்போல வேண்டாம். செவரின் சரி. வெண்டல் இருக்கவே இருக்கிறார், நம்ம ஆள்.

நவம்பர் எட்டாம் தேதி, சனிக்கிழமை காலை பத்து மணி. மூன்று நாற்காலியிலும் ஆட்கள் உட்கார்ந்திருந்தார்கள். செவரின் அந்தக் காட்சியை ஒரு நிமிஷம் ரசித்துவிட்டுத் தொடங்கினார். இருபத்தி நாலு கோடையில் ஒரு மாடும் பள்ளத்தில் விழவில்லை என்றார். மெடலைப் பற்றிச் சொன்னார். வாத்தியக் குழுவைப் பற்றிச் சொன்னார். கடைசியாக, முன்னால் இரண்டு தடவை நாம் செய்தது சரியில்லை என்றும் சொன்னார். ரேகுலா குறிப்பு எழுதுவதை நிறுத்திவிட்டு நிமிர்ந்து பார்த்தாள்.

"சரின்னு சொல்றவங்க" என்று செவரின் கை தூக்கினார்.

அவர் கை மட்டும்தான் மேலே இருந்தது.

"வேண்டாம்ங்கிறவங்க."

கிலியான் கை ஏற்கெனவே மேலே இருந்தது. அதன் பக்கத்தில் வெண்டலின் கை, நேராக, விறைப்பாக.

"வெண்டல், நான் அடெலினோ விஷயமாக் கேக்குறேன்" என்றார் செவரின், ஆள் புரிந்துகொள்ளவில்லை என்று நினைத்து.

"விளங்குதுங்க தலைவரே. சத்புருஷர், சந்தேகமில்ல. ஆனா இது பாரம்பரிய ஸ்தலமுங்க. கண்டவரையும் சேத்துக்கிட்டா நாளைக்கு நாம யாருன்னு நமக்கே தெரியாது."

"கண்டவரா? தினம் காலைல நீங்க திங்கிற பாலாடைக்கட்டி அவன் காய்ச்சினது."

"ருசி அமிர்தம். அது வேற, இது வேறங்க."

செவரினுக்கு அந்த வாக்கியத்தை எங்கோ கேட்டமாதிரி இருந்தது. பிறகு கோபம் வந்தது. மறைத்து வைத்திருந்ததை எடுத்து வீசினார்.

"உங்க முப்பாட்டன் எதுக்குக் கப்பலேறினார்னு தெரியுமா உங்களுக்கு? ஆடு திருடினார். ஊரோட ஒட்டலைன்னு எங்க ஆளுங்க சேந்து துரத்திவிட்டாங்க."

"ஜூன் மாசமே வாசிச்சிட்டேனுங்க. இரும்புப் பெட்டிச் சாவி ஆணியிலதானே தொங்குது" என்றார் வெண்டல் கொஞ்சமும் கலங்காமல். "அந்தக் காலத்துப் பெரியவங்க நியாயமாத்தான் முடிவு பண்ணியிருக்காங்க. சேராதவன் போய்த்தானே ஆகணும். அந்தக் கண்டிப்பு இருந்ததாலதான் இந்த ஊர் ஊரா இருக்கு. நானும் அந்தக் கண்டிப்பைக் காப்பாத்தணுமில்லீங்களா? கீழ உங்க முப்பாட்டனார் கையெழுத்தப் பாத்தேன். கம்பீரமான கையெழுத்துங்க."

இரண்டுக்கு ஒன்று. ரேகுலா எழுதிக்கொண்டாள். எழுதும்போது பேனா தாளைக் கிழித்தது.

"காபி வருமா?" என்று கிலியான் கேட்டார்.

செவரின் அடெலினோ வீட்டுக்கு நடந்தே போனார். அடெலினோ வாசலில் விறகு அடுக்கிக்கொண்டிருந்தார், கிளம்பினாலும் அடுத்து வருபவருக்கு ஆகும் என்று. செவரின் முகத்தைப் பார்த்ததும் கையிலிருந்த கட்டையைக் கீழே வைத்தார்.

"நான் கை தூக்கினேன் அடெலினோ. சத்தியமா."

"நம்புறேன் தலைவரே."

"அந்த அமெரிக்காக்காரன்..."

"அவர் வந்து ஆறு மாசம் ஆகுது" என்றார் அடெலினோ. "நான் வந்து இருபத்தி நாலு வருஷம். அதுல நீங்க கை தூக்கினது இந்த ஒரு தடவைதானே."

அதில் கோபம் இல்லை. கோபம் இருந்திருந்தால் செவரினுக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும். அடெலினோ உள்ளே போய் ஒரு உறையை எடுத்து வந்து நீட்டினார்.

"அந்த ஊர்ல ஒரு நற்சான்று கேக்குறாங்க. கடைசியா இருந்த ஊரோட தலைவர் எழுதித் தரணுமாம். சங்கடம்னா வேண்டாம், ரேகுலாகிட்டக் கேட்டுக்கிறேன்."

"நான் எழுதுறேன்" என்றார் செவரின்.

செவ்வாய்க்கிழமை, மார்ட்டின் நாளன்று, மாகாணத்திலிருந்து கடிதம் வந்தது. குழு முழுமையாக உள்ளது, கால்மி மலைமேய்ச்சல் லூக்மாட் ஊர்க்குடிச் சபையின் உடைமையாகவே நீடிக்கும் என்று. வெண்டல் அதைக் கண்ணாடிச் சட்டம் போட்டு மாட்ட வேண்டும் என்றார். கோடைக்கு மாடு ஓட்ட ஆள் வேண்டுமே என்று ரேகுலா கேட்டதற்கு, விளம்பரம் கொடுக்கலாம், போர்த்துகல் பக்கம் நல்ல ஆட்கள் கிடைப்பார்களாம் என்று யோசனையும் சொன்னார்.

செவரின் ஜன்னல் பக்கம் உட்கார்ந்து அந்த நற்சான்றுப் படிவத்தை நிரப்பிக்கொண்டிருந்தார். எத்தனை வருஷம் வசித்தார் என்ற இடத்தில் இருபத்து நான்கு என்று எழுதினார். ஊரோடு ஒட்டிப் பழகினாரா என்ற இடத்தில் ஆம் என்று குறி போட்டார். அழுத்திப் போட்டதில் குறி கட்டத்துக்கு வெளியே போனது. ஊர் வழக்கங்கள் தெரியுமா, ஆம். ஊர் வேலைகளில் பங்கெடுத்தாரா, ஆம். கடைசிக் கேள்வி, இவர் போவதால் உங்கள் ஊருக்கு இழப்பு உண்டா என்று இருந்தது. அதற்கும் ஆம் என்று குறி போட்டார். கீழே, ஆம் எனில் விவரிக்கவும் என்று போட்டு மூன்று கோடு விட்டிருந்தார்கள்.

செவரின் மூன்று கோட்டையும் நிரப்பினார். பிறகு தாளைத் திருப்பி, பின்பக்கத்தில் எழுத ஆரம்பித்தார். ரேகுலா இன்னொரு தாளை எடுத்துக் கொண்டுவந்து அவர் பக்கத்தில் வைத்துவிட்டுப் போனாள்.